மாணவர் ராக்கெட்டுகளும் வெட்டுமுளைத் தேர்வும்

ராக்கெட் மேலெழும் காட்சியைக் கண்டு மகிழ்வோர் பலர். அது தரையிறங்கும் முறையைப் பற்றி ஏவுவதற்கு முன்னரே கவலைப்படுவோர் சிலரே. வானிலை ஆராய்ச்சிக்காகவும் பாதுகாப்புக்காகவும் செலுத்தப்படும் பெரிய ராக்கெட்டுகள் கடலில் விழுந்து மறைவதால், அவற்றின் இறக்கம் பொதுமக்களின் கவனத்துக்கு வருவதில்லை. கல்லூரி மாணவர்கள் கட்டும் மாதிரி ராக்கெட்டுகளோ வயல்வெளியிலும் பொட்டல் நிலத்திலும் ஏவப்பட்டு, அந்நிலத்துக்கே திரும்பி வருகின்றன. அவை மெல்ல இறங்குகின்றனவா, ஈட்டிபோல் பாய்கின்றனவா என்பதைத் தீர்மானிக்கும் உறுப்புகளுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. விலையும் மிகக் குறைந்த அவ்வுறுப்பு, பட்டறைகளில் ‘ஷியர் பின்’ என வழங்கும் வெட்டுமுளையாகும். அதைத் தேர்ந்தெடுப்பதில் இன்று காணப்படும் அலட்சியம் நீங்க வேண்டும் என்பதும், சோதித்த சான்றின்றி எந்த மாணவர் ராக்கெட்டையும் ஏவுதளத்தில் நிறுத்தலாகாது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

இக்கருத்தை ஐதராபாத்தை முன்னிட்டு ஆராய்வது பொருத்தமாகும். 1961இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகம் 1962இல் இந்நகருக்கு வந்தது. 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டமும் இங்கிருந்தே நடத்தப்பெற்றது. விசேஷ உலோகக் கலவைகளைச் செய்யும் மிதானி தொழிற்சாலை 1973இல் இங்கு நிறுவப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் நிலையம், கருவிகளை வானத்தின் உயர்மட்டத்துக்கு அனுப்பிப் பாரசூட் மூலம் திரும்பப் பெறும் கலையைப் பல பத்தாண்டுகளாக இங்கு நடத்தி வந்திருக்கிறது. 2018இல் இந்நகரில் தோன்றிய ஸ்கைரூட் என்னும் தனியார் நிறுவனம், 2022 நவம்பர் 18ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘விக்ரம்-எஸ்’ என்னும் ராக்கெட்டை ஏவியது. 89.5 கிலோமீட்டர் உயரத்தை எட்டிய அந்த ராக்கெட், இந்தியத் தனியார் நிறுவனமொன்று செலுத்திய முதல் ராக்கெட் என்ற பெருமையைப் பெற்றது. அந்நாள் முதல் இந்நகர்ப் பொறியியற் கல்லூரிகளில் ராக்கெட் ஆர்வம் பெருகியிருப்பதில் வியப்பில்லை. இந்திய தேசிய விண்வெளி ஊக்குவிப்பு மற்றும் அங்கீகார மையமாகிய ‘இன்-ஸ்பேஸ்’ முன்னின்று நடத்திய மாணவர் மாதிரி ராக்கெட் போட்டி 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் நடைபெற்றது. பொம்மை ராக்கெட்டுகளின் காலம் கடந்து, பெருவிசை ராக்கெட்டுகளின் காலம் வந்துவிட்டதென்பது வெளிப்படை.

பெருவிசை ராக்கெட் என்பது என்ன? அமெரிக்காவில் நிலவும் வரையறையின்படி, மோட்டாரின் மொத்த உந்தம் 160 நியூட்டன்-விநாடியைத் தாண்டினால் அந்த ராக்கெட் இவ்வகையைச் சேரும். அங்கே அவற்றைச் செலுத்த விரும்புவோர் இரண்டு தேசிய சங்கங்களுள் ஒன்றிடம் மூன்று படிகளாகத் தகுதிச் சான்று பெற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ராக்கெட்டை ஏவி, சேதமின்றித் திரும்பப் பெற்றுக் காட்ட வேண்டும். இந்நாட்டில் பொழுதுபோக்கு ராக்கெட்டுகளுக்கென அத்தகைய படிமுறைச் சான்றுகள் வேரூன்றவில்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் கல்லூரி ஆசிரியர் மீதும் போட்டி நடத்துவோர் மீதும் விழுகிறது.

5 கிலோகிராம் நிறையுள்ள ஒல்லியான ராக்கெட் ஒன்று ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பாரசூட் விரியாமல் விழுவதாகக் கொள்வோம். தரையை நெருங்கும்போது அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டரை எட்டக்கூடும். அந்நிலையில் அது கொண்டிருக்கும் ஆற்றல் 25,000 ஜூல். ஒரு டன் நிறையுள்ள மோட்டார் கார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஆற்றலுக்கு இது சமம். கார் மோதும் பரப்போ அகன்றது. ராக்கெட்டின் மூக்கோ கூரியது. தெலங்கானாவின் நாட்டுப்புறத்தில் மனித நடமாட்டமே இல்லாத வெளி எளிதில் கிடைப்பதன்று. ஏரிக்கரையில் எருமை மேய்ப்போரும் நெல் வயலில் களை எடுப்போரும் எங்கும் உளர்.

அப்படியாயின் உச்சியிலேயே பெரிய பாரசூட்டை விரித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் அது விரிந்து, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ராக்கெட் இறங்குமானால் தரையை அடைய 200 விநாடி ஆகும். காற்று விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வீசினால், ராக்கெட் ஏவிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். மூவாயிரம் மீட்டர் உயரமெனில் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகும். இடையில் உயரழுத்த மின்கம்பிகளும் நெடுஞ்சாலையும் குறுக்கிடலாம். எனவே உச்சியில் ஒரு சிறு பாரசூட்டை மட்டும் விரித்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இறங்கவிட்டு, தரைக்கு மேல் 200 மீட்டர் உயரத்தில் பெரிய பாரசூட்டை விரிப்பது வழக்கமாயிற்று. மேற்சொன்ன ஆயிரம் மீட்டர்க் கணக்கில் இம்முறைப்படி இறங்க ஏறத்தாழ 80 விநாடியே ஆகும். விலகலும் 400 மீட்டருக்குள் அடங்கும்.

இந்த ஈரடுக்கு முறையில்தான் வெட்டுமுளைக்கு வேலை பிறக்கிறது. பெரிய பாரசூட் மூக்குக்கூம்புக்குக் கீழேயுள்ள அறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ராக்கெட் ஏறும்போதும், உச்சியில் சிறு பாரசூட் விரிந்து குலுக்கும்போதும், பின்னர் விரைந்து இறங்கும்போதும் மூக்குக்கூம்பு கழன்றுவிடாமல் இருக்க வேண்டும். குறித்த உயரத்தில் உயரமானி மின்கட்டளை இட்டதும் அறையினுள் சிறிதளவு மருந்து எரிந்து, வாயு அழுத்தத்தால் கூம்பு உடனே கழன்று பறக்க வேண்டும். மூக்குக்கூம்பின் கழுத்தையும் உடற்குழாயையும் சேர்த்துத் துளையிட்டு, அத்துளைகளில் இரண்டு முதல் நான்கு மெல்லிய நைலான் திருகாணிகளைச் செருகினால் இவ்விரு காரியமும் நிறைவேறும். அவையே வெட்டுமுளைகள்.

முறிந்து போவதற்கென்றே ஓர் உறுப்பை வைக்கும் முறை புதியதன்று. வெளிப்பொருத்து எஞ்சின் கொண்டு கடலுக்குச் செல்லும் மீனவருள் மூத்தோர் இதனை நன்கறிவர். சுழலி பாறையில் மோதினால் உள்ளிருக்கும் சிறு முளை முறிந்து எஞ்சினைக் காப்பாற்றும். டிராக்டரின் பின்னே சுழலும் உழவுக் கருவிகளிலும் இத்தகைய ஆணி உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. படகிலும் டிராக்டரிலும் முளை எப்போதாவது, விபத்து நேர்ந்தால் மட்டுமே முறிகிறது. ராக்கெட்டிலோ ஒவ்வொரு பயணத்திலும் அது முறிந்தே தீர வேண்டும். அதுவும் குறித்த கணத்தில், அதற்கு ஒரு கணமும் முந்தாமல். எனவே இரு எல்லைகளுக்கு நடுவே அதன் வலிமை அமைய வேண்டும். ‘வலுவாக இருந்தால் நல்லது’ என்ற பொது அறிவு இங்கே பயன்படாது.

அவ்வெல்லைகளை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 100 மில்லிமீட்டர் உள்விட்டமும் பாரசூட் அறை 400 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ராக்கெட் ஒன்றைக் கொள்வோம். மூக்குக்கூம்பும் அதனோடு கட்டிய பொருள்களும் சேர்ந்து 0.8 கிலோகிராம். உச்சியில் சிறு பாரசூட் வெடுக்கென்று விரியும் அதிர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 40 மடங்கு எனின், கூம்பு தன் நிலைமத்தால் குழாயிலிருந்து விலக முயலும் விசை ஏறத்தாழ 314 நியூட்டன். இது முதற் கணக்கு.

இரண்டாவது கணக்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஐதராபாத் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வாயுமண்டல அழுத்தம் ஏறத்தாழ 95 கிலோபாஸ்கல். அறையை இறுக மூடி ஏவினால் அதே அழுத்தமுடைய காற்று உள்ளே சிறைப்பட்டு மேலே செல்கிறது. தரைக்கு மேல் ஆயிரம் மீட்டரில் வெளியழுத்தம் 84 கிலோபாஸ்கலாகக் குறையும். வேறுபாடு கூம்பை வெளித்தள்ளும் விசை சுமார் 85 நியூட்டன். மூவாயிரம் மீட்டரில் அதுவே 230 நியூட்டனைத் தாண்டும். மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சிறு காற்றுத்துளை இட்டால் இவ்விசை பெரும்பாலும் மறைந்துவிடும். துளையிட மறந்தவர் முளையைக் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. மோட்டார் எரிந்து முடிந்த கணத்தில், துடுப்புகள் கொண்ட பின்பகுதியைக் காற்றின் தடை பின்னுக்கு இழுக்க, கனமான முன்பகுதி முன்னேறிச் செல்ல முயலும் விசையும் உண்டு. அது இவ்வெடுத்துக்காட்டில் சிறியது. ஒலியின் வேகத்தை நெருங்கும் ராக்கெட்டுகளில் சிறியதன்று.

இனி மேல் எல்லை. மருந்து எரிந்து அறையினுள் வெளியழுத்தத்துக்கு மேல் 100 கிலோபாஸ்கல் அழுத்தம் உண்டாக்குவதாகத் திட்டமிட்டால், கூம்பின் அடித்தட்டின் மீது 785 நியூட்டன் விசை கிடைக்கும். அறையின் கன அளவு மூன்று லிட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு வேண்டிய கறுப்பு வெடிமருந்து ஒன்றரை கிராமுக்கும் குறைவே. ஆக, நான்கு முளைகளும் சேர்ந்து 314 நியூட்டனுக்குப் போதிய அளவு மேலாகத் தாங்க வேண்டும். 785 நியூட்டனுக்குப் போதிய அளவு கீழாக முறிய வேண்டும்.

கடையில் கிடைக்கும் எம்-2 அளவு நைலான் திருகாணியின் மரையடி விட்டம் சுமார் 1.5 மில்லிமீட்டர். நைலானின் வெட்டுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன் எனக் கொண்டால், ஒரு திருகாணி ஏறத்தாழ 125 நியூட்டனில் முறியும். மூன்று திருகாணி 375 நியூட்டன்; இது கீழ் எல்லைக்கு மிக அருகே இருக்கிறது. நான்கு திருகாணி 500 நியூட்டன்; இரு புறமும் ஒன்றரை மடங்குக்குக் குறையாத இடைவெளி கிடைக்கிறது. எம்-3 திருகாணி ஒன்றே 300 நியூட்டனுக்கு மேல் தாங்குமாதலால், மூன்றை இட்டால் 900 நியூட்டனைக் கடந்து, கூம்பு கழலாமலே போகும். எம்-2க்கும் எம்-3க்கும் பார்வையில் தோன்றும் வேறுபாடு அற்பமானது. விளைவில் தோன்றும் வேறுபாடு பாரசூட் விரிவதற்கும் விரியாமைக்கும் இடையிலான வேறுபாடு.

இவ்வளவு தெளிவாகக் கணக்கு அமையும்போது சோதனை எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். பலரும் செய்வது அதுவே. அமெரிக்கப் பொழுதுபோக்காளர் தம் அனுபவத்தில் தொகுத்த அட்டவணை ஒன்றைப் பிரதி செய்து, அதிலுள்ள எண்ணை எடுத்துக்கொண்டு, முளைகளின் எண்ணிக்கையை வகுத்துக் கண்டுவிடுகின்றனர். அவ்வட்டவணைகளிற் காணும் திருகாணிகள் அங்குல அளவில் ஆனவை. குறிப்பிட்ட தயாரிப்பாளர்களின் குறிப்பிட்ட நைலானால் ஆனவை. ஐதராபாத் மாணவர் கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லியில் மின்னணுச் சாமான் கடையிலோ ராணிகஞ்சில் இரும்புச் சாமான் கடையிலோ வாங்குவது மில்லிமீட்டர் அளவுத் திருகாணி. மின்சுற்றுப் பலகைகளைத் தாங்குவதற்காக வார்க்கப்பட்ட பொருள் அது. அதன் நைலான் எவ்வகையினது, புதியதா, மறு உருக்கில் வந்ததா என்பது பொட்டலத்தின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. பலகையைத் தாங்கும் வேலைக்கு அவ்விவரம் தேவையுமில்லை. அப்பொருளை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொள்பவரே அவ்விவரத்தைத் தேடிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

இதனினும் முக்கியமானது நைலானின் இயல்பு. நைலான் நீரை உறிஞ்சும் பொருள். பரவலாகப் பயன்படும் நைலான்-66 முழுவதும் நனைந்தால் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் இடத்தில் நெடுநாள் இருந்தால் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் ஏற்கும். நீர் புகுந்த நைலான் நெகிழ்ச்சி பெற்று வலிமை இழக்கிறது. உலர்ந்த நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் அளவில் இருக்கும் இழுவலிமை, அந்த இரண்டரை சதவீத ஈரத்திலேயே 55 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெட்டுவலிமையும் அதனோடு சேர்ந்து இறங்குவதே இயல்பு. மெல்லிய எம்-2 திருகாணி சில நாட்களிலேயே சுற்றுப்புறக் காற்றின் ஈரத்துக்கு ஈடுகொடுக்கத் தொடங்கும். வெப்பம் ஏறினாலும் நைலான் தளரும். சித்திரை வெயிலில் கறுப்பு வர்ணம் பூசிய குழாய் ஏவுதண்டவாளத்தில் ஒரு மணி நேரம் நின்றால், தொட முடியாத சூடு ஏறும்.

ஐதராபாத்தின் தட்பவெப்பம் இவ்விரு வகையிலும் நைலானை அலைக்கழிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகலில் வெப்பம் 40 பாகையை எட்ட, காற்றின் ஈரம் 30 சதவீதத்தையொட்டிக் குறைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்று ஈரம் நிறைந்து விளங்குகிறது. ஆகஸ்டில் சோதித்துத் தேர்ந்த முளைகளை, மழை ஓய்ந்து காற்று உலர்ந்த மாதங்களில் பயன்படுத்தினால் அவை எதிர்பார்த்ததைவிட வலுத்து நிற்கும். கூம்பு கழலாமற்போகும் அபாயம் உண்டு. குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தின் உலர்ந்த காற்றில் சோதித்தவற்றைக் கடற்கரைக்குக் கொண்டு சென்றால் நிலைமை தலைகீழாகும். இது கற்பனையான அச்சமன்று. இந்நாட்டில் மாணவரும் இளம் நிறுவனங்களும் ராக்கெட் ஏவும் இடங்கள் கடற்கரைகளிலும் உள்ளன. சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையிலிருந்து 2024 ஆகஸ்ட் 24ஆம் நாள் ‘ரூமி-1’ என்னும் கலப்பெரிபொருள் ராக்கெட் ஏவப்பட்டது. தக்காணப் பீடபூமியில் சோதித்த முளை கிழக்குக் கரையிலோ கங்கைச் சமவெளியிலோ அதே எண்ணைத் தரும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரமில்லை.

சோதனைக்குப் பெருஞ்செலவு தேவையென்று எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு மாறானது. ஒன்றன்மீதொன்று வழுக்கும் இரண்டு எஃகுத் தகடுகள், அவற்றினூடே ராக்கெட்டில் இடும் அதே அளவுத் துளை, கீழ்த்தகட்டில் தொங்கும் ஒரு வாளி, சிறிது சிறிதாக ஊற்றத் தண்ணீர்: இவையே போதுமானவை. எம்-2 முளை 125 நியூட்டனில் முறியுமெனில் வாளியும் தண்ணீரும் சேர்ந்து 13 கிலோகிராம் அளவில் எடை இருக்கும். பாலாநகர்ப் பட்டறை எதிலும் அத்தகடுகளை அரை நாளில் செய்துவிடுவர். ஒரு பொட்டலத்திலிருந்து பத்து முளைகளை எடுத்து, ஏவப்போகும் இடத்தின் காற்றில் ஒரு வாரம் திறந்து வைத்து, பிறகு ஒவ்வொன்றாக முறித்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறித்த பின் மாணவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பத்து எண்களின் சராசரியைக் கண்டு அதையே கணக்கில் இடுவர். இம்முளைக்குச் சராசரி உதவாது. கூம்பு முன்னதாகக் கழலாதிருக்குமா என்று பார்க்கும்போது பத்தினுள் மிகக் குறைந்த எண்ணைக் கொள்ள வேண்டும். கழல வேண்டிய வேளையில் கழலுமா என்று பார்க்கும்போது மிக உயர்ந்த எண்ணைக் கொள்ள வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பத்து முளைகள் 105 நியூட்டனிலிருந்து 150 நியூட்டன் வரை பரவி முறிந்தன என்க. நான்கு முளைகளின் கீழ்மதிப்பு 420 நியூட்டன், மேல்மதிப்பு 600 நியூட்டன். சிறு பாரசூட்டின் அதிர்ச்சியாகிய 314 நியூட்டனோடு காற்றுத்துளை இடாத அறையின் 85 நியூட்டனும் சேர்ந்தால் 399 ஆகிறது. 420க்கும் 399க்கும் உள்ள இடைவெளியை நம்பி ஒரு ராக்கெட்டை ஏவலாமா? காற்றுத்துளை இட்டால் 314 மட்டுமே நிற்கும். ஒரு துளையிடும் கருவியின் ஒரு நிமிட வேலையால் இவ்வளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. மேற்புறத்தில் 785க்கும் 600க்கும் உள்ள இடைவெளி ஏற்கத்தக்கது, ஆயினும் தாராளமானதன்று. பரவல் இதனினும் அகன்றிருந்தால் அப்பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு வேறு வாங்குவதே அறிவுடைமை.

வாளிச் சோதனை மட்டும் போதாது. வாளி மெல்லக் கனக்கிறது. மருந்தோ ஆயிரத்திலொரு பங்கு விநாடிகளில் அழுத்தத்தை ஏற்றுகிறது. நைலான் போன்ற பொருள்கள் விரைந்து வரும் விசையைச் சற்று அதிகமாகவே தாங்கும். மேலும் முளை துளையின் விளிம்பில் வெட்டுப்பட வேண்டும். கண்ணாடியிழைக் குழாயின் கடினமான விளிம்பு கத்தரிபோல் வெட்டும். காகிதக் குழாயிலோ முளை முறியுமுன் துளை கிழிந்து நீளும். அங்கே மெல்லிய பித்தளைத் தகடொன்றைத் துளையின்மேல் ஒட்டுவது நல்லது. கூம்பின் கழுத்து குழாயினுள் தளர்வாக ஆடினால், ஒரு புறத்து முளை முதலில் முறிந்து கூம்பு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இக்குறைகள் எதையும் வாளி காட்டாது. எனவே முழு ராக்கெட்டையும் தரையில் கிடத்தி, பாரசூட்டை உண்மையாக மடித்து வைத்து, அதே மருந்தளவைத் தொலைவிலிருந்து எரித்துப் பார்க்கும் தரைச்சோதனை ஏவுதலுக்கு முன் இன்றியமையாதது. பாரசூட்டை விட்டுவிட்டு வெறும் குழாயில் சோதிப்பது கண்துடைப்பு.

இங்கே சட்டத்தின் நிபந்தனையும் குறுக்கிடுகிறது. கறுப்பு வெடிமருந்து 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டது. தரைச்சோதனைக்கு மருந்து கிடைக்கவில்லை என்பதற்காகப் பட்டாசைப் பிரித்து மருந்தெடுப்பது சட்டவிரோதம் மட்டுமன்று, கைவிரல்களுக்கும் கண்களுக்கும் கேடு. அம்மருந்தின் கலவை பட்டாசுக்குப் பட்டாசு வேறுபடுவதால், முளையின் வலிமையை அறிந்தும் பயனின்றிப் போகும். உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் கல்லூரி இதை நடத்த வேண்டும். இயலாவிடில் அழுத்திய கரியமிலவாயுக் குப்பிகளைக் கொண்டு கூம்பைக் கழற்றும் கருவிகளை நாடலாம். அக்கருவிகளின் எடை கூடுதல், விலையும் கூடுதல், ஆயினும் ஒரு கல்லூரி தாங்க முடியாத விலையன்று. எவ்வகை வாயுவானாலும் முளை பற்றிய கணக்கு மாறுவதில்லை.

முளையே வேண்டாம், கூம்பின் கழுத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றி இறுக்கினால் போதும் என்று சொல்வோரும் உண்டு. சிறிய ராக்கெட்டுகளில், ஒரே பாரசூட்டை உச்சியிலேயே விரிப்பவற்றில், அது பல்லாண்டுகளாகப் பயன்பட்ட வழியே. ஆனால் ஒட்டுநாடாவின் இறுக்கம் கைக்குக் கை மாறும். வெயிலில் பசை இளகும். மழைக்காற்றில் காகிதக் குழாய் ஊதும். அதனை எண்ணால் குறிக்க இயலாது. எண்ணால் குறிக்க இயலாத ஒன்றை 5 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக்குவது முறையன்று. பாலிஸ்டைரீன் கம்பித் துண்டுகளை முளையாக இடுவோரின் வாதம் இதனினும் வலுவுடையது. அப்பொருள் ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு. நெகிழாமல் சட்டென முறியும். மரை இல்லாமையால் அது துளையிலிருந்து நழுவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதனையும் வாளியில் சோதித்தே ஏற்க வேண்டும்.

பெரிய அமைப்புகளும் இத்தகைய பிரிவுகளில் இடறியதுண்டு. 2017 ஆகஸ்ட் 31ஆம் நாள் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-39இன் வெப்பக்கவசம் பிரியாமற்போனதால் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் செயற்கைக்கோள் அதனுள்ளேயே அடைபட்டுப் பயனற்றுப் போயிற்று. அங்கே பிரிக்கும் முறை வேறு, அளவும் வேறு. எனினும் பல பத்து ஏவுதல்களில் தவறாது பிரிந்த அமைப்பே ஒருநாள் பிரியவில்லை. ஒரு முறை வெற்றி பெற்ற முளையை அடுத்த ஆண்டும் சோதனையின்றி இடும் மாணவர் குழு இதனை நினைவிற்கொள்ளுதல் நலம். மனித விண்பயணத் திட்டமாகிய ககன்யானுக்காக, பாரசூட்டுகளை விரிக்கும் முறையை ஹெலிகாப்டரிலிருந்து மாதிரிக் கூட்டை இறக்கி 2025 ஆகஸ்ட் 24ஆம் நாள் சோதித்தனர். அதற்கு முன்னும் அதன் உறுப்புகள் தரையில் பலமுறை தனித்தனியே சோதிக்கப்பட்டன. அவ்வழக்கத்தின் சிறு வடிவமே கல்லூரியின் வாளிச் சோதனை.

ஆதலால் இரண்டு ஏற்பாடுகள் விரைவில் செய்யப்பட வேண்டும். முதலாவது, மாணவர் ராக்கெட் போட்டிகளை நடத்துவோர், பத்து முளைகளின் முறிவு எண்களையும், சோதித்த நாளையும் இடத்தையும், காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும், தரைச்சோதனையின் முடிவையும் கொண்ட ஒற்றைத்தாள் படிவமொன்றை வடிவமைப்பு அறிக்கையோடு கேட்டுப் பெற வேண்டும். இப்படிவம் இல்லாத ராக்கெட், மற்றெல்லா வகையிலும் சிறந்ததாயினும், ஏவுதண்டவாளத்தை அணுகலாகாது. மாணவரின் ஓராண்டு உழைப்பை ஒரு தாளுக்காகத் தடுப்பது கொடுமை என்று தோன்றலாம். அந்த உழைப்பு தரையில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைந்து கிடப்பதைக் காண்பது அதனினும் கொடுமை; அது வேறொருவர் வீட்டுக் கூரையில் புதைவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஏற்பாடு ஐதராபாத்திலேயே தொடங்கத்தக்கது. நகரின் கிழக்கே செர்லபள்ளியில் மத்திய அரசின் ‘சிபெட்’ நிறுவனத்தின் கிளை உள்ளது. பிளாஸ்டிக் பொருள்களின் வலிமையை அளக்கும் கருவிகளும் பயிற்சி பெற்றோரும் அங்கு உண்டு. இந்தியக் கடைகளில் கிடைக்கும் எம்-2, எம்-2.5, எம்-3 நைலான் திருகாணிகளைப் பல ஊர்களிலிருந்து வாங்கி, உலர்ந்த நிலையிலும், 50 சதவீத ஈரத்திலும், முற்றும் நனைந்த நிலையிலும், 25 பாகை, 45 பாகை, 60 பாகை வெப்பங்களிலும் வெட்டி முறித்து, கிடைக்கும் எண்களை அவற்றின் பரவலோடு வெளியிடுவது அத்தகைய நிறுவனத்துக்குச் சில வார வேலையே. அவ்வட்டவணை தமிழ், தெலுங்கு முதலிய இந்திய மொழிகளிலும் வெளிவர வேண்டும். அது வாளிச் சோதனைக்கு மாற்றாகாது; வாளியில் கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாகும். அங்குல அளவில் வேறொரு நாட்டின் காற்றில் தொகுத்த எண்களை ஐதராபாத் மாணவர் பிரதி செய்யும் நிலையும் அத்துடன் நீங்கும். எம்-2.5 திருகாணியைச் சேர்த்ததற்குக் காரணம், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராக்கெட்டுகளில் இரண்டு முளைகளுக்கு அது பொருந்தும் என்று பலர் கருதுகின்றனர் என்பதே. அக்கருத்துக்கு வேண்டிய எண்களையும் அச்சோதனையே தரும்.